ஆட்டுக்கால் பாயாவிலிருந்து ஜெலட்டின் வரை: ஹலாலா என்று எப்படிப் பார்ப்பது?

ஆட்டுக்கால் பாயா வைத்த மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜில் இருக்கும் சட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? முந்தின இரவு தண்ணீராக ஓடிய குழம்பு, கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகிப் போயிருக்கும். அடுப்பில் வைத்த இரண்டாவது நிமிடம் மறுபடி தண்ணீராகிவிடும். அந்த இறுக்கத்துக்குக் காரணமான பொருளின் பெயர்தான் ஜெலட்டின்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. "ஜெலட்டின் ஹராம்" என்று ஒரே வரியில் முடிக்கும் செய்திகள் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகின்றன. பிஸ்மி (அல்லாஹ்வின் பெயர்) சொல்லி அறுத்த ஆட்டின் காலை மூன்று நான்கு மணி நேரம் வேகவைத்து நாம் குடிப்பதே ஜெலட்டின் கரைசல்தான். அதை யாரும் ஹராம் என்று சொன்னதில்லை. ஆகவே ஜெலட்டின் என்ற பெயரை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தப் பிராணியிலிருந்து வந்தது, அந்தப் பிராணி எப்படி உயிரை விட்டது என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்க வேண்டும். அதற்கு அப்புறம் இன்னொரு கேள்வி வரும்: தோலும் எலும்புமாக இருந்தது வெள்ளைத் தூளாக மாறிய பிறகும் அது பழைய பொருள்தானா, இல்லை புதுப் பொருளா? ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், பிரிந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான் ஆலிம் அல்ல. பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கமும், கிடைத்த ஹஸ்ரத்மார்களிடம் (ஆலிம்களிடம்) மஸ்அலா, அதாவது மார்க்கச் சட்டக் கேள்வி, கேட்டு நச்சரிக்கும் பழக்கமும் உள்ளவன். இது மார்க்கத் தீர்ப்பான ஃபத்வா இல்லை. விவகாரம் எங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டுவதுதான் நோக்கம்.

தூள் எப்படிக் கிடைக்கிறது

பிராணிகளின் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று புரி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும் இழைகள் அவை. தோலுக்கு உறுதி தருவது இந்த முறுக்குதான். நீண்ட நேரம் சூடு காட்டினால் முறுக்கு அவிழ்ந்து, இழைகள் தனித்தனியாகத் தண்ணீரில் கரைகின்றன. ஆறும்போது ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வலை மாதிரி ஆகி, தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாயா கட்டியாவதும் கடையில் வாங்கும் ஜெல்லி கட்டியாவதும் இதே வித்தைதான்.

தொழிற்சாலையில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். பன்றித் தோல் என்றால் அமிலத்தில் ஊறவைத்தால் போதும், வேலை சீக்கிரம் முடியும். மாட்டு எலும்பு என்றால் பாடு அதிகம். எலும்பை நொறுக்கி, கொழுப்பை நீக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு சுண்ணச்சத்தைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுகிற பஞ்சு போன்ற பொருளுக்கு ஆசைன் என்று பெயர். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கழுவி, வெந்நீரில் வேகவைத்து, சாற்றை வடிகட்டி, உலர்த்தித் தூளாக்குகிறார்கள். அமில வழியில் வருவதை ஏ வகை என்றும், சுண்ணாம்பு வழியில் வருவதைப் பி வகை என்றும் வியாபாரத்தில் சொல்வார்கள். ஏ வகை பெரும்பாலும் பன்றி, பி வகை பெரும்பாலும் மாடு. ஆனால் மீன் தோலையும் அமில வழியில் எடுப்பது உண்டு என்பதால் எழுத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது.

ஐரோப்பாவில் உணவுக்கு ஆகும் ஜெலட்டினில் பெரும்பகுதி பன்றித் தோலிலிருந்து வருகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே முக்கிய மூலப்பொருள் மாட்டு, எருமை எலும்புதான். இதைக் கேட்டதும் "அப்பாடா, நம் ஊர் ஜெலட்டின் பன்றி இல்லை" என்று பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். அவ்வளவு சுலபமில்லை. அதற்கு வருகிறேன்.

மூன்று குவியல்

குர்ஆன் உணவில் விலக்கியவற்றை 2:173, 5:3 ஆகிய வசனங்கள் வரிசைப்படுத்துகின்றன: தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயர் சொல்லப்பட்டது. பன்றியைப் பற்றி 6:145 இன்னும் ஒரு படி மேலே போய், அது அசுத்தம் என்ற பொருளில் "ரிஜ்ஸ்" என்கிறது. பன்றியின் இறைச்சி மட்டுமல்ல, தோல், எலும்பு எல்லாமே நஜீஸ் (அசுத்தம்) என்று பெரும்பாலான ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அறிஞர்கள் எடுத்துக்கொண்டதற்கு இந்த வசனம் ஓர் ஆதாரம்.

இதை வைத்து ஜெலட்டினை மூன்று குவியலாகப் பிரிக்கலாம். முதல் குவியல், முறைப்படி அறுக்கப்பட்ட ஆடு மாட்டிலிருந்து வந்தது. இதோடு மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும் ஆகும், அதாவது உண்ண அனுமதி உண்டு, என்ற ஹதீஸ் (நபிமொழி) இருப்பதால் மீனை அறுக்க வேண்டிய அவசியம் இல்லை. மீன் ஜெலட்டினில் சண்டை போட விஷயமே இல்லை. விலைதான் அதிகம், இறுக்கம் கொஞ்சம் குறைவு.

இரண்டாவது குவியல், உண்ணத் தகுந்த பிராணிதான், ஆனால் முறைப்படி அறுக்கப்படாதது. தானாகச் செத்த மாடும் இதில் வரும், இயந்திரத்தில் அடித்துக் கொன்ற மாடும் இதில் வரும். ஃபிக்ஹ் மொழியில் மைத்தா. மூன்றாவது குவியல் பன்றி.

முதல் குவியலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மற்ற இரண்டிலும்தான் வேலை.

மாறினால் தீர்ப்பும் மாறுமா?

ஒரு பொருள் தன் தன்மையிலிருந்து முழுக்க மாறி வேறொன்றாக ஆவதை ஃபிக்ஹில் இஸ்திஹாலா என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் மது வினிகராவது. மது ஹராம், நஜீஸ். அதே பீப்பாயில் அது தானாகப் புளித்து வினிகராகிவிட்டால் ஹலால். இதில் ஹனஃபி, ஷாஃபி உள்ளிட்ட நான்கு மத்ஹபுக்கும் (சட்டப் பள்ளிகளுக்கும்) கருத்து வேறுபாடு இல்லை. யாராவது உள்ளே எதையாவது போட்டு வேண்டுமென்றே வினிகராக மாற்றினால்? ஹனஃபி மத்ஹபில் அதுவும் ஆகும். ஷாஃபி மத்ஹபில் ஆகாது. இந்த ஒரு சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாலே இரண்டு மத்ஹபுகளும் ஜெலட்டினை எப்படிப் பார்க்கப் போகின்றன என்று பாதி ஊகித்துவிடலாம்.

ஹனஃபி நூல்களில் வரும் இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். உப்புச் சுரங்கத்தில் ஒரு கழுதை விழுந்து செத்து, காலப்போக்கில் அதுவும் உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு சுத்தமா? சுத்தம் என்றார் இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மது. "கழுதை" என்ற பெயரும் போயிற்று, அதன் தன்மைகளும் போயிற்று, இப்போது இருப்பது உப்பு. உப்புக்கு உப்பின் தீர்ப்பு. அவருடைய சக மாணவர் அபூயூசுஃப் இதை ஏற்கவில்லை. பிற்கால ஹனஃபிகள் முஹம்மதின் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். ஷாஃபி மத்ஹபு இந்த வாசலை இவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. தானாக வினிகரான மது, பதனிட்ட தோல் என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில இடங்களில் மட்டும் மாற்றத்தை ஏற்றுக்கொண்டது.

தோல் என்றதும் ஒரு ஹதீஸைச் சொல்லியாக வேண்டும். ஜெலட்டின் பேச்சில் இதைவிட முக்கியமான ஹதீஸ் இல்லை என்பது என் எண்ணம். நபியவர்களின் துணைவி மைமூனா அவர்கள் விடுதலை செய்த ஒரு பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துப் போயிற்று. அந்த வழியாக வந்த நபியவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அது செத்த ஆடாயிற்றே என்றார்கள் உடனிருந்தவர்கள். "அதை உண்பதுதான் விலக்கப்பட்டது" என்று பதில் வந்தது. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கும் செய்தி இது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ஜெலட்டின் ஆகும் என்பவர்கள் இந்த ஹதீஸின் முதல் பாதியைக் காட்டுகிறார்கள்: செத்த பிராணியின் தோலும் பக்குவப்படுத்தினால் சுத்தமாகிறது, அப்படியானால் அமிலத்திலும் சுண்ணாம்பிலும் வாரக்கணக்கில் கிடந்த தோல் சுத்தமாகாதா? ஆகாது என்பவர்கள் அதே ஹதீஸின் கடைசி வரியைக் காட்டுகிறார்கள்: உண்பது விலக்கப்பட்டது என்று அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது, செருப்பாகவும் தோல் பையாகவும் பயன்படுத்த அனுமதி கிடைத்தால் சாப்பிடவும் அனுமதி என்று ஆகிவிடுமா? சுத்தம் என்பது ஒன்று, சாப்பிட ஆகும் என்பது இன்னொன்று. மண் சுத்தம்தான், அதற்காக அள்ளித் தின்ன முடியுமா? இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பல விவாதங்கள் நடக்கின்றன.

நவீன காலத்தில் இந்தக் கேள்வி இரண்டு பெரிய சபைகளுக்குப் போயிருக்கிறது. 1986இல் ஜோர்டானின் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்துவது முஸ்லிமுக்கு ஆகாது, தாவரங்களிலிருந்தும் முறைப்படி அறுத்த பிராணிகளிலிருந்தும் கிடைப்பதே போதும் என்று முடிவு சொன்னது. வாஷிங்டனில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்களில் இதுவும் ஒன்று. மாற்று இருக்கும்போது எதற்கு, என்ற தொனி அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

ஒன்பது வருடம் கழித்து, 1995 மே மாதம், குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கம் நேர் எதிர்த் திசையில் போயிற்று. அசுத்தமான பிராணியின் எலும்பு, தோல், தசைநாண் ஆகியவை மாற்றமடைந்து உருவாகும் ஜெலட்டின் சுத்தமானது, உண்ணவும் ஆகும் என்றது. பன்றிக் கொழுப்பில் செய்த சோப்புக்கும் இதே காரணத்தைச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைக் கடல் பிராந்திய அலுவலகம் இந்த முடிவை 2001இல் ஒரு கடிதத்தில் எடுத்துச் சொன்னது. தடுப்பூசியில் ஜெலட்டின் இருக்கிறதே என்ற கவலை எழும் நாடுகளில் எல்லாம் இன்றும் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுகிறார்கள்.

சரி, வேதியியல் என்ன சொல்கிறது? இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் தீனி போடுகிறது. கயிற்றின் முறுக்கு அவிழ்ந்ததும் தோலின் உருவம், மணம், பெயர், பயன் எல்லாம் போய்விடுகின்றன. ஃபிக்ஹ் பார்ப்பது இந்த வெளித்தன்மைகளைத்தான், மூலக்கூறை அல்ல என்பது ஆகும் என்பவர்களின் வாதம். ஆனால் இழையில் கோத்திருக்கும் அமினோ அமில மணிகளின் வரிசை பெருமளவு அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஓர் ஆய்வகத்தில் ஜெலட்டின் தூளைக் கொடுத்தால், அதன் புரதத் துண்டுகளை நிறமாலைக் கருவியில் அளந்து இது பன்றி, இது மாடு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். கழுதை உப்பான கதையில் உப்பைச் சோதித்தால் கழுதை தெரியாது. மது வினிகரானால் ஆல்கஹால் அசெட்டிக் அமிலமாகவே மாறிவிட்டது. இங்கே அப்படி இல்லை, பன்றியின் முகவரி இன்னும் தூளில் எழுதியிருக்கிறது.

எனக்கு இந்த இரண்டாவது வாதம்தான் கனமாகப் படுகிறது. வினிகர் உதாரணத்தை ஜெலட்டினுக்கு இழுத்து வருவது கொஞ்சம் நீட்டல் என்று தோன்றுகிறது. மலேசியாவின் ஜாக்கிம், சிங்கப்பூரின் முயிஸ் போன்ற சான்று அமைப்புகளும் பன்றி ஜெலட்டினுக்கு ஹலால் முத்திரை தருவதில்லை. அதே நேரம், குவைத் முடிவைப் பின்பற்றும் ஒருவரை "பன்றி தின்கிறவர்" என்று பேசுவதும் அநியாயம். அவர் பன்றி தின்னவில்லை என்பதற்கு அவருடைய ஆலிம்கள் காரணம் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு சின்ன விலகல். யூதர்களிடமும் இதே வழக்கு உண்டு. தோலும் எலும்பும் பதப்படுத்தலில் புதுப் பொருளாகிவிட்டதா என்று அவர்களுடைய ரப்பிகள் விவாதித்து, சிலர் ஆம் என்றும் பலர் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லின் நேர்ப்பொருள் "புது முகம்". இதில் நமக்கும் ஒரு நடைமுறைச் சங்கதி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் பாக்கெட்டில், யூத உணவு விதிப்படி ஆகும் (கோஷர்) என்பதற்கு அடையாளமாக வெறும் "கே" என்ற எழுத்து மட்டும் இருந்தால், அது தளர்வான கருத்தை எடுத்துக்கொண்ட சான்றாக இருக்கலாம், உள்ளே பன்றி ஜெலட்டின்கூட இருக்கலாம். கோஷர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற பேச்சு இந்த இடத்தில் உதவாது.

நடுக் குவியல், நம் ஊர் விவகாரம்

இப்போது இந்தியாவின் எலும்பு ஜெலட்டினுக்கு வருவோம். எலும்பு இறைச்சிக் கூடங்களிலிருந்து வருகிறது, செத்து விழுந்த மாடுகளிடமிருந்தும் பொறுக்கி வருகிறது. எல்லாம் ஒரே குவியலில் கலந்து நொறுங்குகிறது. எந்த எலும்பு பிஸ்மி சொல்லி அறுத்த மாட்டுடையது என்று பிரிக்க வழியில்லை, பிரித்து வாங்குவதாகத் தொழிற்சாலை தனியாகச் சான்று வைத்திருந்தால் ஒழிய.

இங்கேதான் மத்ஹபு வித்தியாசம் மறுபடி தலை நீட்டுகிறது. ஹனஃபி மத்ஹபில் செத்த பிராணியின் எலும்பு, கொம்பு, மயிர் ஆகியவை நஜீஸ் அல்ல. அவற்றில் உயிர் ஓடவில்லை, உயிர் இல்லாததற்கு மரணமும் இல்லை என்பது அதற்குச் சொல்லும் காரணம். கொழுப்பும் ஈரமும் ஒட்டியிருக்கக் கூடாது, பிராணி பன்றியாக இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். இதன் அடிப்படையில், அறுக்கப்படாத மாட்டின் எலும்பிலிருந்து வரும் ஜெலட்டினில் தளர்வு காட்டும் ஹனஃபி முஃப்திகள் (ஃபத்வா தருபவர்கள்) இருக்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் செத்த பிராணியின் எலும்பும் செத்ததுதான், நஜீஸ்தான். தோலைப் பதனிட்டால் சுத்தமாகும், எலும்புக்கு அந்த வழியும் இல்லை.

தமிழ் முஸ்லிம்களுக்கு இது ஏட்டளவு விஷயம் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களும் இலங்கையும் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி. சம்பந்தம் வைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள் ஒரே விருந்தில் உட்காரும்போது, ஒரே புட்டிங்கைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டு ஹஸ்ரத் ஒன்றும் பெண் வீட்டு ஆலிம் ஒன்றும் சொன்னால் யாரோ ஒருவர் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். இருவரும் தத்தம் கிதாபைத்தான் சொல்கிறார்கள்.

வெளிநாட்டு மாட்டு ஜெலட்டினில் கூடுதலாக ஒரு சிக்கு. வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவு உங்களுக்கு ஆகும் என்ற 5:5 வசனத்தை வைத்து, கிறிஸ்தவ நாட்டு மாடு ஆகும் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இன்றைய இறைச்சிக் கூடங்களில் அறுப்பு அந்த நிபந்தனைக்குள் வருகிறதா என்று கேட்டு மறுப்பவர்களும் உண்டு. இதை நீட்டினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கம்

கடற்கரை ஊர்களில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபுராளி மாமா வந்து பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் கைக்குப் போவது கரடி உருவ மிட்டாயும் மார்ஷ்மெல்லோவும்தான். இரண்டிலும் ஜெலட்டின் இருக்க வாய்ப்பு மிக அதிகம். மூஸ் கேக், சில தயிர் வகைகள், ஜெல்லித் தூள், வைட்டமின் மாத்திரைகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனம் ஒரே மிட்டாயை ஐரோப்பாவுக்குப் பன்றி ஜெலட்டினிலும் முஸ்லிம் நாடுகளுக்கு மாட்டு ஜெலட்டினிலும் செய்வது உண்டு. ஆகவே கம்பெனிப் பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை. கையில் இருக்கும் பாக்கெட்டைத்தான் படிக்க வேண்டும்.

படிப்பதில் ஒரு நல்ல செய்தி, ஜெலட்டின் பெரும்பாலும் பெயர் மறைத்து வராது. 441 என்று அதற்கு ஒரு பழைய உணவுச் சேர்மான எண் உண்டு என்றாலும், ஐரோப்பியச் சட்டம் அதைச் சேர்மானமாகக் கருதாமல் உணவுப் பொருளாகவே கருதுவதால் பெயரை எழுதியே ஆக வேண்டும். பக்கத்து எண்ணான 440 பெக்டின், பழத்தோலிலிருந்து வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஜாம் பாட்டிலைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். 406 அகர், 407 காராஜீனன், இரண்டும் கடல்பாசி. உண்மையில் தலைவலி கொடுப்பது 471தான். அது கொழுப்பிலிருந்து செய்யும் பொருள், பாமாயிலாகவும் இருக்கலாம், பிராணிக் கொழுப்பாகவும் இருக்கலாம், எண் அதைச் சொல்லாது.

"பீஃப் ஜெலட்டின்" என்று எழுதியிருந்தால் மூன்றாவது குவியல் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். முதல் குவியலா நடுக் குவியலா என்பது தெரியாது. இந்தியத் தயாரிப்பில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின் இருக்கக் கூடாது, ஏனென்றால் பால், தேன் போன்ற சிலவற்றைத் தவிர பிராணியிலிருந்து வரும் எதுவும் அசைவம் என்றுதான் இங்கே சட்டம். ஜெலட்டின் விஷயத்தில் இந்தப் பச்சைப் புள்ளி எனக்கு எத்தனையோ தடவை கை கொடுத்திருக்கிறது. ஆனால் அது மதுவைப் பற்றி எதுவும் சொல்லாது. எசென்ஸ் கலந்த பண்டங்களில் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டில் எழுதாமலே ஜெலட்டின் வந்து போகும் இடமும் ஒன்று உண்டு. தெளிந்த ஆப்பிள் ஜூஸைப் பாருங்கள். கலங்கலை நீக்க ஜெலட்டினைப் போட்டு, அது கசடோடு சேர்ந்து அடியில் படிந்ததும் வடிகட்டி எடுத்துவிடுவது பழைய முறை. இப்போது வேறு வழிகளும் வந்துவிட்டன. ஜூஸில் தங்காத பொருள் என்பதால் பொருள் பட்டியலில் வராது.

ஹலால் முத்திரை இருந்தால் சுமை இறங்குகிறது, யார் கொடுத்தது என்று பார்க்கத் தெரிந்தால். மலேசியாவில் அரசு கொடுக்கிறது. இந்தியாவில் தனியார் அமைப்புகளும் அறக்கட்டளைகளும் கொடுக்கின்றன. இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கொடுத்துக்கொண்டிருந்தது. 2013இல் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு ஹலால் முத்திரைக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடத்திய பிறகு உலமா சபை அந்தப் பொறுப்பிலிருந்து விலக, ஹலால் சான்றுக்கென்று அமைந்த தனிக் கவுன்சில் அதை எடுத்துக்கொண்டது.

மாத்திரை உறை

கேப்ஸ்யூல் மாத்திரையின் உறை பெரும்பாலும் ஜெலட்டின்தான். மருந்து என்று வந்தால் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. விலக்கப்பட்டவற்றைப் பட்டியலிட்ட 2:173 வசனமே, வரம்பு மீறாமல் நிர்ப்பந்தத்தில் சாப்பிட்டவர் மீது குற்றமில்லை என்று முடிகிறது. மாற்று மருந்து இல்லாத நோயாளிக்கு இதில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதில் ஆலிம்கள் பெரிய அளவில் வேறுபடுவதில்லை. ஆனால் அதே சலுகையை மீன் எண்ணெய்க் குப்பிக்கும் கூந்தல் வளர்க்கும் மாத்திரைக்கும் நீட்டுவது வேறு கதை. தாவர செல்லுலோஸில் செய்த உறையும் இப்போது கிடைக்கிறது, மருந்துக் கடையில் கேட்டால் சில மருந்துகளுக்கு எடுத்துத் தருவார்கள். டாக்டரைக் கேட்காமல் கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளிருப்பதை மட்டும் விழுங்காதீர்கள். சில மருந்துகளுக்கு அந்த உறை வயிற்றைக் காக்கும் வேலையும் செய்கிறது.

அடுப்படியில்

நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், கஞ்சி, வடையோடு ரோஸ் நிறத்தில் ஒரு தட்டு கடல்பாசி இல்லாத வீடு நம்மிடையே குறைவு. சைனா கிராஸ், அகர் அகர் என்று பாக்கெட்டில் இருப்பதும் அதுதான். இதற்கு ஆகும் பாசி வகைகளில் ஒன்றான மரிக்கொழுந்துப் பாசியை, ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி எடுக்கிறார்கள். ஜெலட்டினின் எந்தக் கேள்வியும் இதற்குப் பொருந்தாது.

பொட்டலம் பிரித்துக் கொட்டிய பண்டம் ஜெலட்டினா கடல்பாசியா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஜெலட்டினில் செய்த ஜெல்லி நம் உடல் சூட்டுக்கே இளகும். நாக்கில் வைத்தால் கரையும், சித்திரை வெயிலில் மேசை மேல் வைத்தால் தளரும். கடல்பாசி கிட்டத்தட்ட 85 டிகிரி வரை அசையாது, வாயில் கரையாது, கடித்தால் நறுக்கென்று உடையும். தூளாகக் கையில் இருந்தால் இன்னொரு சோதனை: பச்சை அன்னாசியை அரைத்துக் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அன்னாசியில் புரதத்தை வெட்டும் என்சைம் இருப்பதால் ஜெலட்டின் இறுகவே இறுகாது. கடல்பாசி புரதம் இல்லை, அது பாட்டுக்கு இறுகிவிடும். இதை வைத்து பிராணியா பாசியா என்று தெரியும், எந்தப் பிராணி என்று தெரியாது.

ஜெலட்டின் கேட்கும் சமையல் குறிப்பைக் கடல்பாசியில் செய்கிறவர்கள் அதே அளவைப் போட்டுவிட்டு ரப்பராகிவிட்டது என்று புலம்புவார்கள். 10 கிராம் கடல்பாசி ஒரு லிட்டர் பாலைத் தாங்கும். முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைத்துவிட்டுத்தான் பாலில் ஊற்ற வேண்டும், ஜெலட்டினை மாதிரி இளஞ்சூட்டில் கரையாது. புட்டிங், பழ ஜெல்லி, பால் ஜெல்லி எல்லாம் அருமையாக வரும். மார்ஷ்மெல்லோ மட்டும் அந்தப் பஞ்சு மாதிரியான இழுவையோடு வரவே வராது. நான் மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் இனிப்பான சோப்புக்கட்டிதான் கிடைத்தது. மார்ஷ்மெல்லோவுக்கு மட்டும் மீன் ஜெலட்டினோ, நம்பிக்கையான முத்திரை உள்ள மாட்டு ஜெலட்டினோ வாங்கிவிடுங்கள்.